நெருப்பு வைக்குமுன் பொங்கிய பானை

கந்தப்பன் 1969ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் வெள்ளிமுடித் தோட்டத்தின் மேற்பிரிவில் பிறந்தார். தகப்பன் பெரியண்ணன், தாய் மூக்காயி. தோட்டப் பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை படித்தார். பத்தொன்பதாம் வயதில் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்தார். 1996இல் நாகலெட்சுமியை மணந்தார். ஒரே மகள், கிருஷாந்தி. 1998 முதல் தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலை. வசிப்பது ஏழாம் லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் நான்காவது காம்பரா, அதாவது ஓர் அறை. இரண்டு தோள்களிலும் மருந்து டேங்கியின் வார் பதிந்த தழும்பு உண்டு. இவை அனைத்தும் உறுதிசெய்யப்பட்டவை. அவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதில்தான் குடும்பத்தாரிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எதுவாக இருந்தாலும் அது ஒரு சொட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்கியது. தேயிலை இலை மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பானது. வெறுந்தண்ணீரில் மருந்தைக் கலந்து தெளித்தால் சொட்டுகள் இலைமேல் குண்டுமணிபோல் திரண்டு நிற்கும். சிறு காற்று வந்ததும் உருண்டு மண்ணில் விழுந்துவிடும். அதனால் டேங்கியில் இன்னொரு திரவத்தையும் மூன்று மூடி ஊற்றுவார்கள். மருந்தை இலையில் பிடிக்கவைப்பதால் அதற்கு 'ஒட்டு' என்று பெயர். ஒட்டு சேர்ந்த சொட்டு திரண்டு நிற்பதில்லை. இலையைத் தொட்டதுமே பாய் விரித்ததுபோல் படுத்துவிடும்.

மற்ற மருந்துக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்கள். கந்தப்பன் அங்கேயே நின்றார்.

"தண்ணிக்குத் தோல் இருக்கு நாகு" என்று அன்று மாலை மனைவியிடம் அறிவித்தார். "அந்தத் தோலு அதை இழுத்துப் புடிச்சி உருண்டையா வச்சிருக்கு. ஒட்டு போட்டா தோலு தளந்துருது. அதான் படுத்துக்குது."

"ஒங்களுக்கும் அதைத்தான் யாரோ போட்டுருக்காங்க. பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்க நேரமாகுதுன்னு எழுப்பினா எந்திரிக்கவே மாட்டீங்க" என்றாள் நாகலெட்சுமி.

அதன்பிறகு சொட்டைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு நல்ல காரியத்துக்கோ கெட்ட காரியத்துக்கோ போய்வர முடியவில்லை. கல்யாணப் பந்தியில் வாழையிலையில் ரசம் உருண்டு ஓடினால், பரிமாறுகிறவரை நிறுத்திக் காரணம் சொல்வார். ஒருமுறை காய்ச்சலுக்காக டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, குழாயில் இறங்கிய சேலைன் சொட்டை வெகுநேரம் கவனித்துவிட்டு, "மிஸ், இந்தச் சொட்டு ரொம்ப உருண்டையா இருக்கு. ஒடம்புல புடிக்காது" என்று தாதியிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தாதி அவருடைய சீட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் வேறொரு டொக்டர் வந்து அவரிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

தோட்டத்தில் அவருக்குச் 'சொட்டு கந்தப்பன்' என்று பெயர் விழுந்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் 2021 வந்தது. இரசாயன உரமும் மருந்தும் நாட்டுக்குள் வராமல் நின்றுபோன ஆண்டு அது. டேங்கிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. கந்தப்பனைப் புல் பிடுங்க அனுப்பினார்கள். புல் பிடுங்குவதற்குச் சிந்தனை தேவையில்லை. ஆகவே அவரிடம் சிந்தனை மிச்சப்பட்டது. அதே ஆண்டு கடைசியில் மேற்பிரிவுக்கு ஒரு சேதியும் வந்தது. கோயிலுக்குப் பின்னாலுள்ள சரிவில் இருபது குடும்பங்களுக்குத் தனித்தனி வீடு கட்டப் போகிறார்கள். ஆளுக்கு ஏழு பேர்ச் காணி. பெயர்களைத் தோட்டமே தீர்மானித்துக் கொடுக்க வேண்டும்.

பத்தொன்பது பெயர்கள் தகராறில்லாமல் முடிந்தன. இருபதாவது இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள்: ஒருவர் கந்தப்பன், மற்றவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி. இருவருக்கும் ஒரே நாளில் பெயர் பதிந்தது. இருவருடைய கூரையும் ஒழுகியது. அதுவும் நடுச்சுவரில் ஒரே இடத்தில் ஒழுகியதால், அது யாருடைய ஒழுக்கு என்பதுகூடத் தெரியவில்லை.

கந்தப்பனுக்கு அந்த வீடு வேண்டியிருந்தது மகளுக்காக. கிருஷாந்தி கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்தாள். தீபாவளிக்கு வந்தவள், ஒரே காம்பராவில் அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு இரவு படுத்துவிட்டு, போகும்போது பஸ் படியில் நின்றபடி, "அம்மா, சாத்துறதுக்கு எனக்குன்னு ஒரு கதவு இருந்தா அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வருஷப்பிறப்புக்கு வரமாட்டாள் என்பது இருவருக்கும் புரிந்தது. நாகலெட்சுமி அன்றிலிருந்து கதவு என்ற சொல் வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

தோட்டத் தலைவர் சிவசாமி சீட்டுக் குலுக்கிப் பார்த்தார். சீட்டு மடித்த விதம் சரியில்லை என்றார் மாயாண்டி. நாணயம் சுண்டிப் பார்த்தார். அது கோயில் படியிடுக்கில் விழுந்து செங்குத்தாக நின்றது. கடைசியில் மார்கழிக் கூட்டமொன்றில் சிவசாமி எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தா பாருங்கப்பா. ஒங்க ரெண்டு பேரு பஞ்சாயத்துல எனக்குச் சோறு எறங்கல. தைப்பொங்கல் அன்னைக்கு கோயில் வாசல்ல ரெண்டு பேரும் பானை வைங்க. எவன் பானை முந்திப் பொங்குதோ அவனுக்கு வீடு. சாமி குடுத்ததுன்னு போயிக்கிட்டே இருப்பேன். எவனும் என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. மாயாண்டி முதல் ஆளாகச் சம்மதித்தார். "எனக்குச் சம்மதம் தலைவரே. மச்சானுக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்புக்குக் காரணம் இருந்தது. கந்தப்பன் வீட்டுப் பானை பொங்காது. மேற்பிரிவு முழுவதற்கும் இது தெரியும்.

ஏதோ ஒரு வருடம் பொங்கவில்லை என்பதல்ல. பத்துப் பதினொரு வருடங்களாகவே பொங்கியதில்லை. பால் கொதிக்கும், நுரை கிளம்பும், கழுத்துவரை ஏறும். பிறகு எதையோ மறந்துவிட்டு வந்தவர்போல் நின்று யோசித்துத் திரும்பி இறங்கிவிடும். கடைசியில் நாகலெட்சுமி அகப்பையால் கொஞ்சம் அள்ளி வெளியே தள்ளி, மெல்லிய குரலில் "பொங்கலோ பொங்கல்" என்பாள். சுற்றியிருப்பவர்கள் மரியாதைக்காக வேறுபக்கம் பார்ப்பார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாளே கந்தப்பன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

கடையில் பால்மாப் பொடியே கிடைக்காத காலம். ஆகவே சோறு வடித்த கஞ்சி, அரிசி களைந்த தண்ணீர், ஆறிப்போன தேத்தண்ணீர் என்று அகப்பட்டதையெல்லாம் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்த்தார். அவருடைய கொள்கை இதுதான்: நுரை என்பது காற்றை உள்ளே வைத்து மூடிய தண்ணீர்த் தோல். பாலில் இருக்கும் ஏதோ ஒன்று அந்தத் தோலை இழுபடும்படி வைத்திருக்கிறது. அதனால் குமிழி உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வருகிறது. எல்லார் வீட்டுப் பாலிலும் இருக்கும் அது தன் வீட்டுப் பாலில் மட்டும் ஏன் வேலைசெய்வதில்லை என்பதுதான் அவருக்கு எட்டவில்லை.

விடை பொகவந்தலாவைக் கடைத்தெருவில் கிடைத்தது. ரிஸ்வியின் பலசரக்குக் கடையில் அவர் சட்டி கழுவும் திரவப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் குலுக்கி, மேலே நிற்கும் நுரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு அண்ணே இந்தக் குலுக்கு? சர்பத்தா வாங்குறீங்க?" என்றார் ரிஸ்வி.

"நொரை எவ்வளவு நேரம் நிக்கிதுன்னு பாக்குறேன் நானா. நம்ம பானை பொங்க மாட்டேங்குது."

"பொங்காட்டி நல்லதுதானே. எங்களுக்கு அது பெரிய தலையிடி. பள்ளியில நோம்புக்கஞ்சி காய்ச்சுறப்போ பொங்கி அடுப்பெல்லாம் நாசமாப் போகும். அதுக்காகவே கஞ்சிக்காரரு ஒரு கரண்டி எண்ணெய ஊத்திருவாரு. அதோட அது அடங்கிரும்."

கந்தப்பன் கையிலிருந்த போத்தல் அப்படியே நின்றது.

"எண்ணெய ஊத்துனா பொங்காதா?"

"எப்படிப் பொங்கும்? நொரை செத்துரும்ல."

பொகவந்தலாவையிலிருந்து தோட்டம்வரை பஸ் போகும் பாதையில் வளைவுகள் ஏராளம். ஒவ்வொரு வளைவிலும் கந்தப்பனுக்கு ஒரு பொங்கல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பொங்கலிலும் நாகலெட்சுமி குளித்து, ஈரத்தலையோடு, ஒரு விரலில் நெய்யெடுத்துப் பானையின் உள்கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். கிருஷாந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடுமையான காய்ச்சலில் விழுந்து எழுந்ததற்கு அவள் நேர்ந்துகொண்டது அது. சுற்றுக்கொரு பெயர்: மகள், புருஷன், மாமனார், மாமியார், தம்பி, தம்பி பிள்ளைகள். அன்புள்ள குடும்பம், அதனால் நெய்யும் அதிகம். ஏறி வரும் நுரை அந்தக் கழுத்தைத் தொட்டதும் குமிழியின் தோலில் நெய் பட்டுப் பொத்துப்போய்விடுகிறது. எல்லாம் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. இதைவிட விளங்காமலே இருந்திருக்கலாம் என்று காம்பராவுக்குள் நுழையும்போது தோன்றியது.

"நாகு, இந்த வருஷம் நெய் வேணாம்."

"எதுக்கு வேணாம்?"

"அதான் பொங்கவிடாம வச்சிருக்கு."

நாகலெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க சொல்றீங்க? புள்ளைக்கு நேந்துக்கிட்ட நெய்யி நம்மளுக்கு ஆகாமப் பண்ணுதா? அப்ப இத்தனை வருஷம் அவ சொகமா இருக்கது எதுனால? ஒங்க சொட்டுனாலயா?"

"நான் அதைச் சொல்லல. குமிழியோட தோலு இருக்கே..."

"தோலு! ஒங்க தோலை உரிச்சி உப்புக்கண்டம் போடணும். நெய் வைக்காத பொங்கல் எந்த ஊர்ல நடக்குது? வீடு கிடைக்காட்டி போகுது. நெய்யை நிப்பாட்டி புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா கதவை வச்சி என்னா செய்வீங்க?"

சொட்டைப் பற்றிக் கந்தப்பனிடம் இருந்த எந்த விளக்கமும் இந்தக் கேள்விக்கு அருகில்கூட வரவில்லை. ஆகவே, இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக, மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்யத் தீர்மானித்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் நாகலெட்சுமி கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதும் அவர் பித்தளைப் பானையை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குக் கொண்டுபோனார். ரிஸ்வி கடைப் போத்தலைத் திறந்து பானையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினார். பல வருட நெய்ப்பிசுக்கு கரைந்து ஓடியது. அத்துடன் நின்றிருந்தால் அவருடைய வாழ்க்கைச் சரிதம் வேறுவிதமாக அமைந்திருக்கும். ஆனால், நாளைக் காலை அவள் மறுபடியும் நெய் தடவுவாளே என்ற யோசனை வந்தது. அந்த நெய் பிடிக்காமல் வழுக்கி இறங்க வேண்டுமானால் பானைக்குள் ஒரு பூச்சு இருக்க வேண்டும். எவ்வளவு பூசுவது? டேங்கிக்கு மூன்று மூடி. பானை டேங்கியைவிடச் சிறியது. ஆனால் வீடு மருந்தைவிடப் பெரியது. ஆகவே அதே மூன்று மூடி. உள்ளே ஊற்றிக் கையால் கழுத்துவரை தடவி, வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பளபளப்பு மட்டும் சற்றுக் கூடியிருந்தது. பொங்கித் தள்ளும் முதல் நுரையோடு பூச்சும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

தைப்பொங்கல் அன்று கோயில் வாசலில் இரண்டு அடுப்புகளும் கிழக்குப் பார்த்துத் தயாராக இருந்தன. பனிமூட்டம் விலகாத நேரம். மேற்பிரிவே அங்கு நின்றது. தப்படிப்பவர்களிடம் சிவசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளையா வெளிய வந்ததும் அடிக்கணும். முந்தியும் அடிக்கக் கூடாது, பிந்தியும் அடிக்கக் கூடாது."

நாகலெட்சுமி நெய்க் கிண்ணத்துடன் வந்து பெயர் சொல்லிச் சொல்லிக் கழுத்தைச் சுற்றித் தடவினாள். நெய் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கியது. "பானை என்னா இப்படி வழுக்குது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கந்தப்பன் வானத்தைப் பார்த்தார். வழக்கப்படி முதலில் அரைப்பானை தண்ணீர், பிறகு பால். பீலியிலிருந்து இழுத்திருந்த றப்பர் குழாயைப் பானைக்குள் விட்டுவிட்டு, கற்பூரம் எடுக்க அவள் திரும்பினாள்.

மலைத்தண்ணீர் வேகமானது. பானைக்குள் அது சுழன்று அடித்தது.

முதலில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. பிறகு அது தலையை உயர்த்தி எட்டிப் பார்த்தது. பிறகு யாரையும் கேட்காமல், நிதானமாக, கிழக்குப் பக்கமாகப் பானையைவிட்டு வெளியே வந்து அடுப்புக் கல்லில் இறங்கியது. தப்படிப்பவர்கள் கடமை தவறாதவர்கள். வெள்ளையாக வெளியே வந்ததும் அடித்துவிட்டார்கள். கூட்டம் "பொங்கலோ பொங்கல்!" என்று முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். நாகலெட்சுமி கற்பூரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

குலவை அடங்கிய பிறகுதான் யாரோ கேட்டார்கள்: "அடுப்புல நெருப்பே வைக்கலையே?"

எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். விறகு அடுக்கியபடியே இருந்தது. பானை பொங்கிக்கொண்டே இருந்தது.

"தலைவரே, இது என்னா கூத்து?" என்று மாயாண்டி பாய்ந்து வந்தார். "பாலு ஊத்தல, நெருப்பு வைக்கல, பானை பொங்குது!"

"பொங்கினா பொங்கினதுதான் மச்சான்" என்றார் கந்தப்பன். தன் குரல் இவ்வளவு உறுதியாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். "எவன் பானை முந்திப் பொங்குதோன்னுதான் தலைவரு சொன்னாரு. நெருப்பு வச்சின்னு சொன்னாரா?"

"அப்ப பீலிக்கரையில துணி ஊறப்போட்ட வாளியெல்லாம் பொங்குதே. எல்லா வாளிக்கும் வீடு குடுப்பாங்களா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சாமி குடுத்ததுக்கு நெருப்பு எதுக்கு என்றது ஒரு பாதி. சிவசாமி நுரையில் விரலை விட்டு மூக்கருகே கொண்டுபோனார். "எலுமிச்சம்பழ வாசம் வருது" என்றார். அது சாமிக்கு உகந்த பழம்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேறு வழியில்லாமல் அவர் அட்டனில் இருக்கும், கோயில் காரியம் தெரிந்த தன் மைத்துனருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் விளக்கினார். மைத்துனர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தப் பக்கம் பொங்குச்சி?"

"கெழக்க."

"அப்ப ரொம்ப நல்லது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சிவசாமி போனையும் பானையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கந்தப்பனைப் பார்த்தார். கந்தப்பன் மகளின் கதவைப் பற்றி நினைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றார்.

"மறுபடி வைப்போம்" என்றார் சிவசாமி. "ரெண்டு பானையும் கழுவிட்டு மொதல்லருந்து."

"நாங்கதான் கழுவுவோம்" என்றார் மாயாண்டி. "அந்த வீட்டு ஆளு ஒருத்தரும் பானையைத் தொடக் கூடாது. பாலையும் தண்ணியையும் தவிர ஒரு சாமானும் உள்ள போகக் கூடாது. நெய்யும் கூடாது. அந்த நெய்யிலதான் என்னமோ கலந்துருக்காங்க."

நாகலெட்சுமி அழத் தொடங்கினாள். மாயாண்டியின் மனைவி வினோதா பானையை இடுப்பில் வைத்துப் பீலிக்குக் கொண்டுபோனாள். பகையோடு பாத்திரம் கழுவுகிறவர்களின் சுத்தம் தனிரகமானது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நாரால் சுரண்டினாள். தண்ணீரில் அலசி அலசி, உள்ளே கையை விட்டு முகர்ந்து, மறுபடியும் அலசினாள். சவர்க்காரமும் இல்லை, நெய்யும் இல்லை. அந்தப் பானை பிறந்ததிலிருந்து அவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை.

கந்தப்பன் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்தால் கெட்டுப்போகும் என்பதும் தெரிந்தது. அப்போதுதான் நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வினோதாவிடம் போனாள்.

"சாமிக்குன்னு எடுத்தது, திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நீங்களாச்சும் ஒங்க பானையில வைங்க அக்கா. ஒண்ணும் கலக்கல. வேணும்னா நக்கிப் பாருங்க."

வினோதா கிண்ணத்தை வாங்கினாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல நெய். அவள் முகம் இளகியது. தன் பானையை நோக்கித் திரும்பினாள்.

இவ்வளவு நேரம் கந்தப்பன் செய்தது தந்திரம். அதற்கு அவர் வெட்கப்படவில்லை. ஆனால் மனைவி மனமறிந்து கொடுத்த நெய்யால் பக்கத்துக் காம்பராக்காரன் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அத்தனை காலம் படுத்து எழுந்தவர்கள்.

"மச்சான், அந்த நெய்யைப் போடாதீங்க!" என்று கத்திவிட்டார். "நெய் போட்டா பொங்காது!"

மாயாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டா பொங்காதா?"

"சத்தியமா பொங்காது மச்சான். குமிழிக்குத் தோலு இருக்கு. நெய் பட்டா..."

"பாத்தீங்களா தலைவரே!" மாயாண்டியின் முகத்தில் வெற்றி பளிச்சிட்டது. "நெய் போட்டா எங்க பானை பொங்கிரும்னு பயந்து மறிக்கிறான்! வினோதா, அந்தக் கிண்ணத்தைக் கொண்டா!"

கிண்ணத்தில் இருந்தது முழுவதையும் கவிழ்த்தார். போதாதென்று தன் வீட்டுப் போத்தலையும் வரவழைத்து, கழுத்தைச் சுற்றி ஊற்றினார். கந்தப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அதைக் கண்டதும் மாயாண்டி இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் நெருப்பு வைக்கப்பட்டது. இரண்டு பாலும் ஏறக்குறைய ஒன்றாகவே கொதித்தன. மாயாண்டியின் பானையில் நுரை கிளம்பியது. நெய் வழிந்த கழுத்துக்கு வந்ததும் பொத்துப் பொத்தென்று அடங்கியது. மறுபடி கிளம்பியது, மறுபடி அடங்கியது. மாயாண்டி விறகைத் தள்ளினார், விசிறினார், சாமியைக் கூப்பிட்டார். எதிரே, ஒரு சொட்டு நெய்யும் காணாத பித்தளைப் பானையில் பால் கழுத்தைத் தாண்டி, வெறுமையான விளிம்பில் சற்றும் தயங்காமல் நான்கு பக்கமும் வழிந்தது. தப்படிப்பவர்கள் இந்த முறை அடிக்கவில்லை. சிவசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் குனிந்து முதலில் நெருப்பைப் பார்த்தார், பிறகு விரலைவிட்டு முகர்ந்தார், பிறகு நக்கினார்.

"பாலுதான்" என்றார். "அடிங்கப்பா!"

இருபதாவது வீடு கந்தப்பனுக்கு என்று அன்று மத்தியானமே எழுதப்பட்டது. பானைக்குள் நெய் இல்லாமல் பொங்கியது பற்றி நாகலெட்சுமியிடம் அவர் பிறகு ஒருமுறை பேச்செடுத்தார். "இத்தனை வருஷம் போட்ட நெய்யெல்லாம் சாமி சேத்து வச்சிருந்துச்சி. அன்னைக்கு மொத்தமாக் குடுத்துச்சி" என்று அவள் முடித்துவிட்டாள். அதற்கு எதிராகச் சொல்ல அவரிடம் ஆதாரம் இருந்தது, சொல்லவில்லை. கிருஷாந்திக்குப் போனில் சேதி சொன்னபோது, "அப்பா, என் ரூம் எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள். "சூரியன் வர்ற பக்கம்" என்றார் கந்தப்பன், யோசிக்காமலே.

மாசி மாதம் அளவைக்காரர்கள் வந்து சரிவில் முளையடித்துக் கயிறு கட்டினார்கள். எது வாசல், எது அறை என்று காட்டிவிட்டு, அடுத்த வாரம் கல்லும் மணலும் வரும் என்று சொல்லிப் போனார்கள். அதன்பிறகு நாட்டில் சீமெந்து விலை ஏறியது. பிறகு சீமெந்தே இல்லாமல் போனது. பிறகு லொறிக்கு டீசல் இல்லாமல் போனது. பிறகு எல்லாம் திரும்பி வந்தபோது, இருபது வீட்டையும் நினைவில் வைத்திருந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார்.

கயிறு உக்கியபோது கந்தப்பன் சொந்தச் செலவில் நைலோன் கயிறு வாங்கிக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நாகலெட்சுமியும் போத்தலில் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். கயிற்றைத் தாண்டிப் போவதில்லை. வாசல் என்று காட்டிய இடைவெளி வழியாகத்தான் நுழைவார்கள். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் நாகலெட்சுமி ஒருநாளும் கால் வைத்ததில்லை. கவ்வாத்து முடிந்து அந்தப் பக்கமாக வரும் மாயாண்டி முளைக்கு வெளியே நின்று கூப்பிடுவார்.

"வீட்டுல ஆள் இருக்கா?"

"வாங்க மச்சான், உள்ள வாங்க. வெளிய நின்னுக்கிட்டு என்னா?"

மாயாண்டி இரண்டு முளைகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். புல்லில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். மழை தூறினால் மூவரும் எழுந்து லயத்துக்கு ஓடுவார்கள்.

கிருஷாந்தி வருஷப்பிறப்புக்கு வந்தாள். சூரியன் வரும் பக்கத்துக் கயிற்றுச் சதுரத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். கதவு எங்கே வரும் என்று கேட்டாள். தகப்பன் காட்டினார். அவள் கையை நீட்டி, இல்லாத கதவைச் சாத்தினாள். தாயும் தகப்பனும் வெளியே காத்து நின்றார்கள்.

அளவைக்காரர்கள் வந்துபோய் நான்கு ஆண்டுகள்.